தொண்ணூற்றொரு விழுக்காடு

புக்கிட் பாத்தோக்,
கார் நிறுத்தத்துக்குப் பின்னால் இறங்கும் சரிவு.
ராத்திரி முழுக்க மழை.
புல்வெட்ட வந்த முத்திருளன்
எந்திரத்தை அணைத்துவிட்டு அழைத்தார்:
"இருபது முப்பது இருக்கும் மேடம்.
ஒன்பதுக்குள்ள வாங்க,
சூப்பர்வைசர் வந்தா வெட்டித்தான் ஆகணும்."

எட்டு ஐம்பதுக்கு ஈரத்தில் முழங்காலிட்டிருந்தேன்.
சாம்பல் குடைகள், உச்சியில் சின்னக் கூர்.
காம்பைக் கிள்ளினால் உள்ளே வெறுமை,
வைக்கோல் மாதிரி.
மோந்து பார்த்தேன்: அப்போது அரைத்த மாவு.
வேரோடு எடுத்தேன் என்று குறிப்பேட்டில் எழுதி
அடித்தேன். வேர் ஏது இதற்கு?
அடிமண்ணோடு.

எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார்:
"தின்னலாமா?"
"தெரியலையே."
"படிச்சவங்களுக்குமா?"
"படிச்சவங்களுக்குத்தான்."

ஆய்வுக்கூடத்தில் ஒரு தலையை மட்டும் அறுத்து
பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளில்
கவிழ்த்தேன். மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம்.
உலர்த்தும் பெட்டி முழுக்க
ஹாஸ்லிண்டாவின் காட்டத்திப் பழங்கள்.
மிச்சக் காளான்கள் குளிர்பெட்டிக்குப் போயின.
நாளைக்கு என்றேன்.
நாளைக்கும் எனக்கும் நடுவே
சனி, ஞாயிறு, ஒரு கூட்டம், ஒரு பல்வலி.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை
ஈசூன் துணைப்பாட வகுப்பில்
அழுதழுது படித்தவள் நான்.
இந்த உயிருக்குத் தன்னை எழுதிக்கொள்ள
நான்கு போதுமாம்.
அறுநூற்று முப்பது இடங்களில் அந்த நான்கும்
மாறி மாறி வந்து நின்றன திரையில்.
தேடச் சொன்னேன்.
நூறு விழுக்காடு பொருத்தம்.

குதித்திருப்பேன்,
பெயரைப் படிக்காதிருந்தால்.
பழைய ரொட்டியிலும் எலுமிச்சைத் தோலிலும்
படரும் அதே பச்சைப் பூஞ்சணம்.
குளிர்பெட்டி இருட்டில்
என் காளானைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.
மரபணு பொய் சொல்லவில்லை.
வீட்டுக்காரரைக் கேட்டேன்,
சுவரேறிக் குதித்தவரின் விலாசம் கொடுத்தது.

அப்புறம்தான் அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

கிண்ணத்தை எடுத்தால்
கறுப்பில் ஒரு சக்கரம், மயிரிழை ஆரங்களோடு.
வெள்ளையில் நிறம் தெரிந்தது:
விபூதித் தட்டில் கொஞ்சம் குங்குமம்
தவறி விழுந்து கலைந்தாற்போல.
அந்த இளஞ்சிவப்பு ஒன்றே
நூறு கதவுகளைச் சாத்திவிடும்.
நுண்ணோக்கியில் வித்துகள்.
ஒன்றுகூட உருண்டை இல்லை.
உடைத்த கற்கண்டு,
ஐந்து மூலை, ஆறு மூலை, கோணல்.
"எண்டலோமா," என்றாள் ஹாஸ்லிண்டா
என் தோளுக்கு மேலிருந்து,
அத்திப்பழ விஷயத்தில் மன்னிப்புக் கேட்பதைப் போல.

தூளில் ஒரு சிட்டிகை. மறுபடி அந்த நான்கெழுத்து.
இந்த முறை தொண்ணூற்றொன்று.
அருகில் இருப்பது
சரவாக்கில் யாரோ ஒருவர் பையில் போட்ட ஒன்று.
அதற்கும் பெயரில்லை.

படிவம்.
பேரினம்: எழுதினேன்.
இனம்:
பேனா நின்றது.
என் அடையாள அட்டையிலும் இதே சொல், இதே கட்டம்.
பிறந்த வாரமே நிரப்பிவிட்டார்கள்,
தாளில் கவிழ்த்து வைக்காமல்
ஒரு ராத்திரிகூடக் காத்திருக்காமல்.

முத்திருளனின் குரல்செய்தி:
"வெட்டியாச்சு மேடம்.
மரத்தடியில நாலு விட்டு வெச்சிருக்கேன்.
பேரு தெரிஞ்சுதா?"

கட்டத்தைக் காலியாக விட்டு
தாளை உறையிலிட்டுப் பூட்டிக் கிளம்பினேன்.
ரயிலில் நின்றுகொண்டு கைப்பிடியைப் பற்றியபோதுதான் பார்த்தேன்,
கட்டைவிரல் ரேகையில் மெல்லிய இளஞ்சிவப்பு.
கை கழுவ மறந்திருக்கிறேன்.
அடுத்த நிறுத்தத்தில் ஒரு பையன் ஏறி
அதே கைப்பிடியைப் பிடித்தான்.
வெளியே மறுபடி தூறல்.